எட்டரைக்கு மேல் படிப்பு

திருப்பூரில் நேரத்தை அளக்க மணியைத் தவிர இன்னோர் அலகும் உண்டு. ஷிப்ட். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை வேலை பார்த்தால் ஒரு ஷிப்ட். இரவு 8.30 வரை என்றால் ஒன்றரை. கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்று நள்ளிரவைத் தாண்டி 1 மணி வரை இழுத்தால் இரண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது "இந்த வாரம் எத்தன ஷிப்டு?" என்றுதான் கேட்பார்கள், எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட் பார்க்கிறவர்கள் நிறைந்த ஊர்.

தமிழ்நாட்டின் பல அரசு கலைக் கல்லூரிகளிலும் ஷிப்ட் இருந்தது. காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டம். இடப்பற்றாக்குறையால் வந்த ஏற்பாடுதான். ஆனால் மீதி அரை நாளில் வேலைக்குப் போக முடியும் என்பதால் பல வீடுகளில் அதுவே படிக்க வைக்கும் காரணமாகவும் ஆனது. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி என்று திருப்பூரில் படித்த யாரைக் கேட்டாலும், செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ கொஞ்ச நாளாவது நின்ற வகுப்புத் தோழர் ஒருவரைச் சொல்வார்கள்.

இவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொல் உறுத்தும். கல்வி உளவியலில் அதற்குப் பெயர் சுயநெறிக் கற்றல். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி ஸிம்மர்மன் அதை மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலில் திட்டமிடுவது, பிறகு படிக்கும்போதே தன்னைக் கண்காணிப்பது, கடைசியில் எங்கே சறுக்கினோம் என்று திரும்பிப் பார்த்து அடுத்த முறைக்கு வழியை மாற்றுவது. நல்ல மாணவர் இந்த மூன்றையும் சுழற்சியாகச் செய்துகொண்டே இருப்பார். எனக்கு இதில் மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் நம் ஊருக்கு வந்து சேரும்போது இந்தக் கருத்து 'படிக்கிற புள்ள எங்கிருந்தாலும் படிக்கும்' என்ற பழைய வசனமாகச் சுருங்கிவிடுகிறது. படிக்காதவனுக்கு ஒழுக்கம் போதவில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

*

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அது பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு, தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகத்தான் அது பிறந்தது. பாடம் சொல்வது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. அடுத்த வருடம், 1858இல், லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு படி மேலே போனது. கல்லூரியில் சேர்ந்தவரோ சேராதவரோ, யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்தது. பெரிய ஜனநாயகம்தான். கூடவே ஒரு வேலைப் பிரிவினையும் சத்தமில்லாமல் நுழைந்தது. தொடக்கத்தில் இருக்கும் பாடத்திட்டமும் முடிவில் இருக்கும் தேர்வும் நிறுவனத்தின் பொறுப்பு. நடுவில் இருப்பதெல்லாம் மாணவர் பாடு.

அந்த நடுப்பகுதியைத் தனியாகக் கடந்தவர் என்று நாம் எல்லோரும் சுட்டிக்காட்டும் பெயர் ராமானுஜன். கும்பகோணத்தில் கார் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று கிடைத்தது, அதை வைத்துத் தானே கற்றார் என்பது பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே உண்டு. அவர் எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோற்றதும் உண்டு. தனக்குப் பிடித்ததை அவர் அளவுக்கு நெறிப்படுத்திக் கற்றவர் இல்லை. பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவர் ஃபெயில்.

அதிகம் பேசப்படாத பகுதி 1912இல் வருகிறது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்கிறார். அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை இரண்டாகத் தாவுவார். எனக்குப் புரியவில்லை, நடுவில் இருப்பதையும் எழுது என்று நாராயண ஐயர் கேட்பார். ஹார்டிக்குக் கடிதம் போனது 1913 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் அந்த சிலேட்டு இரவுகள் இருந்தன. மேதைக்கும்கூட எதிரில் உட்கார்ந்து 'இது எப்படி வந்தது' என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

*

தபால் வழியாகக் கற்பிப்பது இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி தபால் வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. சொந்தமாக ஒரு சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மன் அதை அஞ்சலில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் எழுதி அனுப்புவார், பிட்மன் தரப்பில் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். தபால் இரண்டு பக்கமும் ஓடியது.

இந்தியாவில் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதில் இறங்கின. நம் வீடுகளில் 'கரெஸ்ல படிச்சேன்' என்று சொல்லும் பெரியப்பாக்களும் அத்தைகளும் இந்தக் காலத்தவர்கள். பழுப்பு உறையில் பாடக் கட்டு வரும். வார இறுதியில் எங்கோ ஒரு கல்லூரியில் தொடர்பு வகுப்பு நடக்கும். பிறகு தேர்வு.

நம்மிடம் வந்து சேர்ந்தபோது அந்தத் தபால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் ஓடியது. பாடம் வந்தது; மாணவர் புரிந்துகொண்டாரா என்று கேட்கும் கடிதம் அபூர்வம். அந்த இடத்தை நிரப்ப ஊருக்கு ஊர் ஓர் இணைப் பல்கலைக்கழகம் தானாக முளைத்தது. கைடு புத்தகம், பழைய கேள்வித்தாள் விற்கும் கடை, போன வருடம் பாஸான அக்காவின் நோட்டு, தேர்வுக்கு முந்தின மாதம் மட்டும் நடக்கும் டியூஷன். இதையெல்லாம் குறுக்கு வழி என்று பழிப்பது சுலபம். என் கண்ணுக்கு அவை நிறுவனம் கைவிட்ட நடுப்பகுதியில் மாணவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட பாலங்கள். சில பாலங்கள் ஓட்டையானவை என்பதும் உண்மைதான்.

இதே காலத்தில்தான் திருப்பூரும் மாறியது. 1970களின் கடைசியில் இத்தாலிக்குப் பனியன் போகத் தொடங்கியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. எல்.சி., இன்வாய்ஸ், டெலக்ஸ் என்று புது வேலைகள் வந்தன, அவற்றுக்கு பி.காம். படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். பகலில் கம்பெனி ஆபீஸில் கணக்கெழுதி, இரவில் அஞ்சல்வழிப் பாடத்தைப் புரட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

*

திருப்பூருக்கென்று சொந்தமாக ஒரு வகுப்பறையும் இருந்தது. அதற்குப் பாடத்திட்டமோ பட்டமோ கிடையாது. ஹெல்பராகச் சேரும் பையன் முதலில் துணி எடுத்துக் கொடுப்பான், பிசிறு வெட்டுவான். டெய்லர் டீ குடிக்கப் போன இடைவெளியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் தைத்துப் பார்ப்பான். ஒரு வருடத்தில் டெய்லர். கொஞ்சம் சூட்டிப்பாக இருந்தால் கட்டிங் மாஸ்டர். இன்னும் சிலர் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து முதலாளி ஆனார்கள்.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட 'ஃப்ரடெர்னல் கேப்பிட்டல்' என்ற நூல் இந்தக் கதையைப் பற்றியது. தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வெற்றிக்குச் சொல்லும் காரணம் ஒரே சொல், உழைப்பு. சாரி அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்கிறார். உழைத்தவர்கள் எல்லோருமா முதலாளி ஆனார்கள்? சாதித் தொடர்பு, உறவுக்காரர் கொடுத்த கடன், நம்பி ஆர்டர் தரும் பங்காளி இதெல்லாம் அந்த உழைப்புக்குப் பின்னால் நின்றன. அதே அளவு உழைத்த பெண்களுக்கும் தலித்துகளுக்கும் அந்த ஏணி பெரும்பாலும் கிடைக்கவில்லை. 'சொந்த முயற்சி' என்ற சொல் எதையெல்லாம் மறைக்கும் என்பதற்குத் திருப்பூரே உதாரணம். படிப்பில் சொல்லும் 'சுயநெறி'யும் அதே வேலையைச் செய்யக்கூடும்.

ஆனால் அந்த மெஷின் வகுப்பறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. தப்பு உடனே தெரியும். தையல் விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் செக்கிங் டேபிளிலிருந்து பீஸ் திரும்பி வரும். "என்ன கண்ணு, தூங்கிட்டே தெச்சியா?" என்று ஒரு குரலும் கூட வரும். எதை மாற்ற வேண்டும் என்பது கையில் இருக்கிறது. ஸிம்மர்மன் சொன்ன மூன்றாம் கட்டம் அங்கே நாளுக்கு இருபது முறை நடந்தது. அரியர் பேப்பரில் எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமலேயே நாலாவது முறை எழுதும் மாணவரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

*

இணையம் வந்ததும் நடுப்பகுதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பியவர்களில் என் தலைமுறையும் உண்டு. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. ஐஐடி பேராசிரியரின் விரிவுரையை நம் ஊர் இன்டர்நெட் சென்டரில் பார்க்கலாம் என்பது அன்றைக்கு அதிசயம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2012இல் அமெரிக்காவில் கோர்செராவும் எட்எக்ஸும் வந்தன. 2017 ஜூலையில் நம் மத்திய அரசின் ஸ்வயம் வந்தது.

2019இல் 'சயின்ஸ்' இதழில் ஜஸ்டின் ரைக்கும் இன்னொருவரும் எழுதிய கட்டுரை ஒரு கணக்கைச் சொன்னது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய வகுப்புகளில் 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. பணம் கட்டிச் சான்றிதழ் வழிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடித்தார்கள்.

பொறியியல் முடித்து மென்பொருள் வேலைக்கு வந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் அனுமானம் உண்டு. இணையத்தில் எதையும் தானே கற்றுக்கொள்ளலாம் என்று உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்கள் பெரும்பாலும் என் தொழில்காரர்கள். எங்களுக்கு அது நடந்ததும் உண்மை. ஏனென்றால் எங்களிடம் கம்பைலர் இருக்கிறது. ஒரு வரி தப்பாக எழுதினால் எத்தனையாவது வரி, என்ன தப்பு என்று இரண்டு நொடியில் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். அது எங்கள் செக்கிங் டேபிள். அதற்குமேல் கோட் ரிவ்யூ என்று சக ஊழியர் ஒருவர் வரிவரியாகக் கேள்வி கேட்பார். அது எங்கள் நாராயண ஐயர். பொருளாதாரம் படிக்கும் மாணவிக்கோ வரலாறு படிக்கும் மாணவருக்கோ அப்படிக் கத்துகிற கம்பைலர் கிடையாது. தனக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்தால், அது தப்பென்று சொல்ல வீடியோவுக்கு வாய் இல்லை.

அப்படி நினைப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை இருக்கிறது. மாணவர்களில் ஒரு பிரிவு ஒரு பத்தியைத் திரும்பவும் படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. எது தனக்கு உதவுகிறது என்று அந்த நேரத்தில் தோன்றுகிறதோ அது ஏமாற்றுகிறது. வகுப்பறையிலும் இதே கதைதான். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்பில் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். குழுவாகத் திணறிக் கணக்குப் போட்டவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள்.

நான் படித்த காலத்தில் தேர்வுக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் ஒருத்தன் நடுவில் உட்கார்ந்து சொல்ல, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்போம். சொல்கிறவன் எப்போதும் எங்களைவிட நல்ல மார்க் எடுப்பான். அவன் கெட்டிக்காரன் என்று நினைத்தோம். பார்க்காமல் சொல்லவும், நாங்கள் கேட்கும் அசட்டுக் கேள்விகளுக்குப் பதில் தேடவும் அவனுக்கு ஒரு கூட்டம் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

என்.பி.டி.இ.எல். பிறகு இதைப் புரிந்துகொண்டது. 2014 முதல் நடக்கும் சான்றிதழ் வகுப்புகளில் வாரா வாரம் அசைன்மென்ட், கெடு தேதி, கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு என்று நடுப்பகுதிக்கு எலும்பு வைத்தது. இந்தப் பக்கம் மாணவர்கள் அந்த வாராந்திர விடைகளை வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றவிடவும் பழகிக்கொண்டார்கள். கெடு தேதி மட்டும் இருந்து, விடையைப் பார்த்து ஏன் என்று கேட்கும் ஆள் இல்லையென்றால் அங்கேதான் போய் நிற்கும்.

*

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25இல் ஊரடங்கு. திருப்பூரில் மெஷின் சத்தம் நின்றது. தொழிற்சாலைகள் மெல்ல மெல்லத் திறந்தன, கல்லூரிகள் திறக்கவில்லை. கடைசி வருட மாணவர்களுக்கு டிசம்பரில்தான் வகுப்பு, மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரியில். அதற்குள் இரண்டாம் அலை வந்து மீண்டும் மூடி, 2021 செப்டம்பரில் திறந்தார்கள்.

இந்த இடைவெளியில் நடந்தது என்ன என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் தெரியும். கல்லூரி மூடி, கம்பெனி திறந்திருந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பி.காம். மாணவர் பேக்கிங்கில் நின்றபடி ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வகுப்பில் 'இருந்தார்'. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் மைக்கை ஆன் செய்வார்; பின்னால் ஓவர்லாக் சத்தம் கேட்கும் என்பதால் அதையும் சாட்டில் எழுதப் பழகிக்கொண்டார். "டேட்டா காசு நானே சம்பாரிக்கிறனுங்க, அப்புறம் எப்பங்க கேக்கறது" என்றார். 2017–18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4 சதவீதம், இணைய வசதி இருந்தவை 15 சதவீதம். 2021 ஜனவரியில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. உதவிதான். ஆனால் டேட்டா கார்டு நேரத்தைத் தராது.

2020 ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நன்றி சொல்லி போஸ்டர்கள் முளைத்தன, மீம்ஸ் பறந்தன. பிறகு வழக்கு, நீதிமன்றம், தேர்வு நடத்தித்தான் ஆக வேண்டும் என்ற முடிவு. சிரித்து முடித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஏற்கெனவே நடுப்பகுதி இல்லாத கல்வியில் முடிவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டண ரசீது மட்டும்தான். அன்றைக்கு அந்த போஸ்டர் ஒட்டிய பையன்கள் சோம்பேறிகள் என்று பலர் எழுதினார்கள். பல வருடங்களாக அவர்களுடைய விடைத்தாளில் எது தப்பு என்று யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை என்பதை யாரும் எழுதவில்லை.

*

இதே வட்டாரத்தில் வேறொரு சோதனையும் நடந்துகொண்டிருக்கிறது. கே.பி.ஆர். மில் போன்ற சில பெரிய நிறுவனங்கள், 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களைப் படிக்க வைக்கின்றன. ஷிப்ட் முடிந்ததும் அதே வளாகத்தில் வகுப்பு, ஆசிரியர், கூடப் படிக்கும் தோழிகள். ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பழுப்பு உறைக்கும் தேர்வுக்கும் நடுவே யாரோ ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

இந்த வட்டாரத்து நூற்பாலைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதியில் வைத்து வேலை வாங்கியது பற்றி 2011இல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை உலகத்துக்குச் சொன்னது. படிப்பதற்கான நேரத்தையும் இடத்தையும் முதலாளியே தரும்போது, வேலையை விட்டால் வகுப்பும் போய்விடுமே என்ற பயமும் கூட வரும். அந்தப் பெண்களின் பட்டத்தின் மதிப்பு இதனால் குறையாது. ஷிப்ட் முடிந்து கண் எரிய எரியப் படித்தது அவர்கள்தான். ஆனால் ஒரு பெண் படிப்பதற்கு மில்லின் தயவு தேவைப்படுகிறது என்றால், பொது நிறுவனங்கள் எந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கின்றன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உயர்கல்விக்குள் நுழைவோர் விகிதத்தில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. 2021–22 கணக்கெடுப்பில் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. நுழைவாசலில் நாம் பெரிய சாதனை செய்திருக்கிறோம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது சில ஷிப்டுகளைத் தவிர்க்கும் தொகை. அந்த அளவுக்கு அது படிக்கும் நேரமாகவும் மாறும். எனக்கு இந்தத் திட்டங்களில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். மீதி வேலை சின்னச் சின்னதாக இருக்கிறது. எழுதிய டெஸ்ட் பேப்பர் இரண்டு நாளில் திருத்தித் திரும்பி வருவது. ஐந்து பேர் உட்கார்ந்து சத்தமாகப் பேசிப் படிக்க ஓர் அறை. யாராவது ஒருவர், மூத்த மாணவரானாலும் சரி, வாரம் ஒருமுறை எதிரில் உட்கார்ந்து 'இது எப்படி வந்தது' என்று கேட்பது. இவற்றுக்குப் புது ஆப் எதுவும் தேவையில்லை.

நம் மாவட்ட மைய நூலகங்களின் வழக்கமான நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிவது 8.30க்கு.